இது வேண்டாமுங்க, தம்பி

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் அந்த அம்மாள் முதலில் செய்வது, அதை நடுவில் பிரித்து முகர்ந்து பார்ப்பது. மீன் வாங்கப் போனவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்தக் கவனம். பிறகு முதல் பக்கம். பிறகு நின்ற வாக்கிலேயே கடைசிப் பக்கம். பத்துக்கு எட்டுத் தடவை புத்தகம் என் மேஜைக்கே திரும்பி வந்துவிடும்.

“இது வேண்டாமுங்க, தம்பி.”

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. குன்னூர் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா. கடைக்கு மேலே மரப்படி ஏறிப் போனால் ஓர் அறை. அதில் இரண்டு அலமாரி, ஒரு மேஜை, ஒரு பெஞ்சு. அதுதான் எங்கள் வாசகசாலை. வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. துரைமார்களுக்கென்று பெரிய லைப்ரரி இருந்தது, அதில் நம்மை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். அந்த ரோஷத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். மற்ற நால்வரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுவதில் கெட்டிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து, தூசி தட்டி, புத்தகம் எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததை அடுக்கி வைப்பது மட்டும் என் தலையில் விழுந்தது.

அந்த அம்மாளின் பெயரை எழுதப் போவதில்லை. நிஜ மனிதர்களின் பெயரை அப்படியே அச்சில் ஏற்றுவது அவருக்குப் பிடிக்காத காரியங்களில் ஒன்று. “அவங்களைக் கேட்டுட்டா போட்டிருப்பாங்க?” என்று சொல்லி அப்படிப்பட்ட ஒரு புத்தகத்தையும் திருப்பி வைத்திருக்கிறார். இன்று அவர் இல்லை, அவரைக் கேட்கவும் வழியில்லை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

கட்டபெட்டுக்குப் போகும் வழியில் ஒரு துரையின் தேயிலைத் தோட்டம். அதன் பாக்டரியில் அக்காவுக்குத் தேயிலையில் தண்டு பொறுக்கும் வேலை. நாற்பதைத் தாண்டியவர். புருஷன் மலேரியாவில் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. சமவெளியில் இருந்தபோது ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஞாயிறு தோறும் சாமான் வாங்க இரண்டு மணி நேரம் நடந்து குன்னூருக்கு வருவார். கம்பளியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, அரிசிப் பையைப் படிக்கடியில் வைத்துவிட்டு, மேலே ஏறி வந்து கதவருகே நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். உட்கார்ந்து புத்தகம் தேடினால் இரக்கம் வந்துவிடும் என்பார்.

இரக்கமா? அவர் இரக்கம் காட்டி நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு பெயர் பெற்ற நாவலாக இருந்தாலும் சரி, ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு முடிந்துவிடும்.

ஒரு தடவை, வந்து இறங்கி இரண்டு நாள்கூட ஆகாத ஒரு நாவலைப் பெருமையோடு நீட்டினேன். முதல் பக்கத்தைப் பார்த்ததும் மூடிவிட்டார்.

“எடுத்த எடுப்புலயே பொண்ணு எலுமிச்சம்பழச் செவப்புங்கறாங்க. அப்பறம் கறுப்பா ஒருத்தி வருவா, அவ கெட்டவளா இருப்பா. தெரிஞ்சதுதானுங்களே.”

நான் அந்த நாவலை இரவு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். ஏழாம் அத்தியாயத்தில் கறுப்பாக ஒருத்தி வந்தாள். பாலில் விஷம் கலந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆசிரியர் மேல் இல்லை, அக்கா மேல்.

யாரோ பென்சிலால் கோடு போட்ட புத்தகம் ஆகாது. “மத்தவங்க அழுத எடம் பாத்து நானும் அழோணுமுங்களா?” என்பார். இரண்டாம் பாகம் இன்னும் வராத முதல் பாகம் ஆகாது. கதை போய்க்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் குறுக்கே வந்து, பெண்மணிகளே, நீங்கள் இப்படி நடந்துகொள்ளலாமா என்று புத்தி சொன்னால் அந்த நிமிஷமே ஆகாது. வேலைக்காரர்கள் வந்தால் சிரிப்பதற்கு மட்டும் வருகிற கதை ஆகாது. வாக்கியம் நீளமாக இருந்தால், விரலை வைத்து அது எங்கே முடிகிறது என்று தேடுவார். “மூச்சு வாங்கறதுக்கு எடமே உடலீங்க இந்தாளு” என்று மூடிவிடுவார். சத்தமில்லாமல் கண்ணால் படிப்பதற்கு மூச்சு எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிடித்ததும் உண்டு, நான் எதிர்பாராத இடங்களில். புத்தகத்தின் பின்னட்டையிலும் கடைசித் தாள்களிலும் வருகிற விளம்பரங்கள் என்றால் உயிர். கூந்தல் தைலம், ஜெர்மன் கடிகாரம், தாது புஷ்டி லேகியம். “இது எங்க ஆளுகளுக்கு ரொம்பப் புடிக்குமுங்க” என்று அதற்காகவே ஒரு மட்டமான துப்பறியும் நாவலை இரண்டு தடவை எடுத்துப் போயிருக்கிறார். எங்கள் ஆள்கள் என்று யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் யாராவது இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவர் ஒளித்து வைக்கிற ஆள் இல்லை. எனக்குத்தான் வாசகரின் வாழ்க்கையைக் கேட்கும் பழக்கம் இல்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் சீண்டியது அந்த முகர்ந்து பார்க்கும் பழக்கம்தான். மலைக்காற்றின் ஈரத்துக்குப் புத்தகங்களில் பூசணம் ஏறிவிடும். போதாததற்கு ராமபாணப் பூச்சி அட்டையை அரித்துத் தின்னும். அதனால் அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் நான் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தேன். அக்கா முகர்வார், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“இந்த வாசம் ஆகாதுங்க, தம்பி.”

“தலை வலிக்குங்களாக்கா?”

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா ஆகாதுங்க.”

எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற தாசில்தார். அவர் ஒரு ஞாயிறு இதைப் பார்த்துவிட்டு, அக்கா இறங்கிப் போனபின், “அந்தம்மாவுக்குப் புஸ்தகமே பிடிக்காது போலிருக்கே, பின்னே எதுக்கப்பா இவ்வளவு தூரம் வருது?” என்றார். எனக்கு உள்ளூர அதே எரிச்சல் இருந்தும், அவர் சொன்னது பொறுக்கவில்லை. எங்கள் உறுப்பினர்களில் புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பவர் அக்கா ஒருவர்தான். ஒரு மூலை மடங்கியிருக்காது, ஒரு மஞ்சள் கறை இருக்காது. தாசில்தாரிடமிருந்து வரும் புத்தகத்தில் மூக்குப்பொடி உதிரும். அடுத்த வாரத்திலிருந்து நான் சனிக்கிழமையே நாலைந்து புத்தகங்களை எடுத்து, கடை மாடியில் வெயில் படுகிற ஜன்னலோரம் பிரித்து வைக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவற்றை அலமாரியிலிருந்து எடுப்பது போல எடுத்துக் கொடுப்பேன். அக்கா முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இப்படி இரண்டு வருஷம் போனது. அதற்குள் நான் ஒரு நாவல் எழுதி முடித்திருந்தேன்.

தேயிலைத் தோட்டத்துக் கதை. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை ஒருவன் ஏமாற்றிவிட்டு ஓடிவிடுகிறான். வயிற்றில் குழந்தையோடு அவள் எல்லோராலும் தூற்றப்பட்டு, கடைசி அத்தியாயத்தில், பனி மூடிய விடியலில் பள்ளத்தில் குதித்து உயிரை விடுகிறாள். அந்த அத்தியாயத்தை எழுதியபோது நான் அழுதேன். அழுதுகொண்டே எழுந்துபோய்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதுவரை தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றுக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை.

கோயமுத்தூரில் அச்சடித்து, மலை ரயிலில் கட்டு வந்து இறங்கியது. தாசில்தார், ஒரு வக்கீல், ஒரு தமிழ்ப் பண்டிதர் என்று மூன்று பேர் முன்னால் பாராட்டி எழுதியிருந்தார்கள். மூவருமே கடைசி அத்தியாயத்தைத்தான் புகழ்ந்திருந்தார்கள். பஜாரில் கும்பிடு போடாதவர்களெல்லாம் போட்டார்கள். ஆனால் என் மனம் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தது. அக்கா ஒருவர் எடுத்துப் போய்ப் படித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

என் புத்தகத்தைப் பூச்சி தொடக் கூடாது என்று, அக்காவுக்கு ஆகாத பாச்சை உருண்டையை விட்டுவிட்டு, ஊரெல்லாம் மணக்கிற நம் கற்பூர மரத் தைலத்தை, அதாவது யூகலிப்டஸ் தைலத்தைப் பஞ்சில் தொட்டு அட்டையின் உள்பக்கம் நாலு மூலையிலும் தடவி வைத்தேன். பெற்ற பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் தடவுவது போலத் தடவினேன். அக்கா வந்தார், பிரித்தார், முகர்ந்தார், கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, தைலமுங்க. இது ஆகவே ஆகாதுங்க, தம்பி.”

இரண்டு வாரம் ஜன்னலோரத்திலேயே கிடந்தது என் நாவல். மழை வந்தால் உள்ளே, வெயில் வந்தால் வெளியே. மூன்றாம் ஞாயிறு மறுபடி கொடுத்தேன். முகர்ந்தார், பரவாயில்லை என்பது போலத் தலையாட்டினார். பிரித்தால் தாசில்தார், அதன்பின் வக்கீல், அதன்பின் பண்டிதர்.

“மூணு பேரு கைத்தாங்கலாக் கூட்டியாராங்களே. இதுக்காத் தானா நடக்கத் தெரியாதுங்களா?”

அன்று இரவு சவரக் கத்தியால் மூவரும் எழுதிய ஏழு தாள்களையும் அந்த ஒரு பிரதியிலிருந்து மட்டும் அறுத்து எடுத்தேன். தாசில்தாருக்குத் தெரிந்திருந்தால் வாசகசாலைச் சாவியைப் பிடுங்கியிருப்பார். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த ஞாயிறு அக்கா வந்ததும் எடுத்து நீட்டினேன். என் தவிப்பு அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? முகர்ந்தார். முதல் பக்கத்தைப் படித்தார். “நல்லா எடுத்திருக்கீங்க” என்றார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பிறகு வழக்கம் போலக் கடைசிப் பக்கம்.

அங்கே வெகுநேரம் நின்றார். ஒரு தாளைப் பின்னால் திருப்பி அதையும் படித்தார். இன்னொரு தாள். புத்தகத்தை மூடி மேஜை மேல் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

“இது வேண்டாமுங்க, தம்பி.”

“ஏன்? என்ன குறை, சொல்லுங்க.”

“குறையெல்லாம் இல்லீங்க. நல்லா எழுதியிருக்கீங்க. அதனாலதானுங்க வேண்டாங்கறேன்.”

 எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. தண்டு பொறுக்குகிறவர்களுக்கு இலக்கியத்தைப் பற்றி என்ன தெரியும், உங்களுக்கு லேகிய விளம்பரம்தான் லாயக்கு என்று சொல்லிவிட்டேன். சொன்ன வார்த்தைகள் இவைதான், குறைத்து எழுதவில்லை. அக்கா மேஜையிலிருந்து கையை எடுத்தார். கம்பளியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் வெறுங்கையோடு போனது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. நான் அன்று நாலு தடவை படிக்கட்டை எட்டிப் பார்த்தேன். அதற்கடுத்த ஞாயிறு வந்தார். நேரே மேஜைக்கு வந்து, “உங்க கதையைக் குடுங்க, தம்பி” என்றார். முகரவில்லை, பிரிக்கவில்லை, பைக்குள் வைத்துக்கொண்டார்.

“உங்க மாப்பிள்ளை எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போட்டாருங்க, எங்க மச்சான் தோட்டத்துக் கதை எழுதியிருக்காருன்னு. எங்க ஆளுக கேட்டுட்டாங்க. இனி உடமாட்டாங்க.”

என் தங்கையின் புருஷன் அந்தத் தோட்டத்தில்தான் கணக்கர். அவர் வாய்க்கு நன்றி சொல்லிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் அது நழுவிப்போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்துப் பழுப்பு அட்டையோடு நாவல் திரும்பி வந்தது. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“தண்டு கொஞ்சம் இருந்துச்சுங்க. பொறுக்கிப்போட்டுப் படிச்சோம்” என்றார்.

பழைய பேச்சுக்குக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துப் புத்தகத்தை அலமாரியில் வைத்தேன்.

அந்த மாதக் கடைசியில் தங்கையின் குழந்தைக்குக் காது குத்து. கடையில் லீவு சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். சாப்பிடும்போது மாப்பிள்ளை தோட்டத்துக் கதைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்று, லைனில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றியது.

“பதினெட்டு வயசு இருக்குமுங்க மச்சான். கலியாணம் ஆகல, மாசமாயிட்டா. அந்தப் பையன் மைசூர்ப் பக்கம் ஓடிட்டான். இது நடந்து நாலு மாசம் இருக்கும், ஒரு நா விடியக்காலம் பள்ளத்துப் பக்கம் போயிட்டா. பாத்தவங்க பயந்துபோயி ஆளுகளைக் கூட்டிட்டு ஓடறாங்க, பாதி வழியில இவ எதுக்கால வர்றா. அவளாவே திரும்பிட்டா. எதுக்குப் போனான்னு எல்லாருக்கும் தெரியும். எதுக்குத் திரும்புனான்னுதான் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியலீங்க. கேட்டா வாயே தொறக்கறதில்ல.”

என் கதைதான் நாவலாக வந்துவிட்டதே என்ற நினைப்பில் நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அந்தப் பெண் திரும்பி வந்தது கதைக்கு ஒத்துவராத விஷயம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

சாப்பாட்டுக்குப் பிறகு பாக்டரியைக் காட்டக் கூட்டிப் போனார். கொழுந்து அதிகம் வருகிற மாதம், இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தரை அதிர்ந்தது. தூளைத் தரம் பிரிக்கும் அறை மாடியில். அதன் வாசலில் வரிசையாக ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி பூச்சரம் தொங்கியது. உள்ளே போகும் பெண்கள் கழற்றி மாட்டிவிட்டுப் போனவை. நான் படியேறியதும் பாக்டரியை நடத்தும் டீமேக்கர் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

“தைலம் தடவியிருக்கீங்களாட்ட இருக்குது?”

சளிக்கு நெஞ்சில் தடவியிருந்தேன்.

“உள்ளே உட முடியாதுங்க. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கும். பூவு, வெத்தலை, தைலம் ஒண்ணும் ஆகாது. ஒரே ஒரு பாச்சை உருண்டை போதும், பெட்டி பெட்டியாப் போயிரும். சீமையில ஏலத்துல மூக்கைச் சுளிச்சான்னா துரை என்னைத் தொலைச்சுப்போடுவாரு.”

கணக்கரின் மச்சான் என்பதற்காகவும் வழி விடவில்லை. வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன்.

நீள அறை. முப்பது பெண்கள் இருப்பார்கள், இரண்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முன்னால் கொட்டிக் கிடக்கும் தேயிலையிலிருந்து தண்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு டீப்பெட்டி மேல் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் எங்கள் வாசகசாலையின் வேறொரு புத்தகம். கீழே ஓடும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திப் படித்துக்கொண்டிருந்தார். வாக்கியம் முடியும் இடத்தில் மூச்சு வாங்கினார். அவர் காலடியில் ஒரு முறம். அவரும் அவர் பங்குக்குத் தண்டு பொறுக்கிக் கொடுக்க வேண்டும் இல்லையா? ஒவ்வொருத்தியும் அவ்வப்போது கையை நீட்டித் தான் பொறுக்கியதில் ஒரு பிடியை அந்த முறத்தில் போட்டாள். படிக்கிறவருக்கு ஆளுக்கு ஒரு பிடி. டீமேக்கர் அதைக் கண்டுகொள்வதில்லை, கதை ஓடுகிற நாளில் யாரும் எழுந்து போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வாசலில் நின்று எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இரண்டு வருஷமாக நான் ஒரு வாசகரின் கிறுக்கு என்று நினைத்ததெல்லாம் முப்பது பேருடைய விருப்பு வெறுப்பு. எலுமிச்சம்பழச் சிவப்பு என்று படித்திருந்தால் அந்த அறையில் ஒருத்தியும் தலை நிமிர்ந்திருக்க முடியாது.

மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? “ஏ புள்ளைகளா, அந்தத் தோட்டத்துக் கதை எழுதினவரு இவருதான்” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். படிப்பு நின்றது. முப்பது முகங்கள் என் பக்கம் திரும்பின. முன்வரிசையில் பல் போன ஒரு பெண்மணி கையை நெற்றிக்குக் கொண்டுபோய் என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, ஆம்பளை நீங்க. அந்தப் புள்ள பள்ளத்துக்கிட்டப் போயி நின்னவ, அடுப்பை அமத்தாம வந்துட்டோமேன்னு திரும்பறாளே, அது எப்படிங்க உங்களுக்குத் தெரிஞ்சுச்சு? எங்க ஊட்டு ஆம்பளைக்கு அடுப்பு எந்த மூலையில இருக்குதுன்னே தெரியாதுங்க.”

பெண்கள் சிரித்தார்கள்.

என் நாவலில் அடுப்பு இல்லை. என் நாவலில் அவள் திரும்பவில்லை. மூன்று பெரிய மனிதர்கள் பாராட்டிய இருபது பக்கங்கள் அவை. இல்லை அம்மா, அவள் செத்துப் போகிறாள் என்று சொல்ல வாய் வந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் பெட்டி மேல் நின்றபடி விரலைப் பக்கத்துக்கு அடையாளம் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசைக் கடைசியில் சின்னப்பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கம்பளி போர்த்தியும் வயிறு தெரிந்தது. மற்ற எல்லோரும் என்னைப் பார்க்க, அவள் மட்டும் முன்னால் கிடந்த தூளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுபோயிருந்தது.

சோற்றுக்கு நடுவே கேட்ட கதை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்கா மேஜை மேல் புத்தகத்தை வைத்து அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றதும் புரிந்தது.

“எங்கம்மா சொல்லிக் கேட்டதுங்க” என்றேன்.

“அதானே பாத்தேன்” என்றார் பல் போனவர்.

“கொழந்தை என்னங்க, பையனா புள்ளையா?” என்றது இன்னொரு குரல்.

“புள்ளைங்க.”

கடைசியில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். இயந்திர இரைச்சலில் பாதிதான் எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்தவள் அதை எடுத்துச் சொன்னாள்.

“அவளைச் சேத்துக்கிட்டாங்களான்னு கேக்கறாங்க.”

 என் வாழ்நாளில் எழுதியதிலோ பேசியதிலோ அவ்வளவு பார்த்து ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

“ரெண்டு மாசம் முணுமுணுத்தாங்கம்மா. அப்பறம் கொழந்தையை வாங்கித் தூக்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப அது யாரு ஊட்டுல சாப்பிடுது, யாரு ஊட்டுல தூங்குதுன்னு பெத்தவளுக்கே தெரியாது.”

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். ஒருத்தி, நம்ம லைன்லயும் அப்படித்தான் நடக்கும் என்றாள். யாரும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் படுகிற பாடு வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. டீமேக்கர் கையைத் தட்டினார். அக்கா விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

அந்த ஞாயிறு அக்கா வந்தபோது நான் எழுந்து நின்றேன். அன்று பேசியதற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் அதைக் கேட்காதது போல, “தப்பு என்னுதுங்க, தம்பி. எழுதினது எழுதினபடி படிச்சிருக்கோணும். அவுக கேட்டப்ப என்னால மறுக்க முடியல, அவளை வெச்சுக்கிட்டு அதைப் படிக்கவும் முடியல” என்றார்.

நான் நாவலை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். அங்கே படித்த மாதிரியே எனக்கும் படிக்கச் சொன்னேன். அவர் கூச்சப்பட்டார். பிறகு முதல் தடவையாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர் கண் என் எழுத்தின் மேல் வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தது. வாயில் வந்தது வேறு. பனியில் அவள் பள்ளத்தை நோக்கிப் போகிறாள். அது வரைக்கும் நான் எழுதியது, அதிலும் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை உதிர்ந்துவிட்டிருந்தது. விளிம்பில் நின்றவளுக்கு அடுப்பு ஞாபகம் வருகிறது. விறகை இழுத்துவிடாமல் வந்துவிட்டோம், காற்றடித்தால் லைன் முழுக்கப் பற்றிக்கொள்ளுமே, பக்கத்து வீட்டில் மூன்று குழந்தைகள் தூங்குகிறதே என்று திரும்பி ஓடுகிறாள். அக்கா குரலை உயர்த்தாமல்தான் படித்தார். நான் எழுதி அழுத அத்தியாயத்துக்கு அன்றைக்குக் கண்ணாடி தேடவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நல்ல முடிவுங்கக்கா. எனக்குத் தோணவே இல்ல. அந்த அடுப்பு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

“அது என்ற சரக்கு இல்லீங்க, தம்பி. அந்தப் புள்ள சொன்னதுதான். என்கிட்ட மட்டும் சொன்னா. போட்டுக்கட்டுமான்னு கேட்டேன், செரின்னா. அதுக்கப்பறந்தான் படிச்சேன்.”

புத்தகத்தை மூடி, கையால் ஒரு தடவை தடவி, என்னிடம் நீட்டினார்.

“ஓடி வந்தவ மூச்சு வாங்கக்கூட நிக்கலீங்களாமா. நேரா அடுப்புக்கிட்டப் போயிப் பாத்தாளாமா. அது எப்பவோ அணைஞ்சு கெடந்துச்சாமுங்க.”